ஒன்று புள்ளி நான்கு வோல்ட்

பாயான் லெப்பாஸ். இரவு ஷிப்டு, மூன்றாவது மாடி.
தலையில் நீல வலைத்தொப்பி,
மணிக்கட்டில் தரையோடு கட்டிய கம்பி.
முன்னால் ஆஸிலோஸ்கோப்.
பச்சைக் கோடு ஒன்று ஏறி, இறங்கி,
எங்கேயும் கால் ஊன்றாமல் போய்க்கொண்டிருக்கிறது.

அதுதான் அனலாக்.
இரண்டு வோல்ட்டுக்கும் மூன்றுக்கும் இடையே
எண்ணித் தீராத இடங்கள் இருக்கின்றன.
ஒவ்வொன்றிலும் கணம் தங்கி வருகிறது அது,
ஒன்றையும் தாண்டிக் குதிப்பதில்லை.

நான் சோதிக்கும் சில்லுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.
கண்ணைத் திறக்கும், மூடும்,
நொடிக்கு எட்டாயிரம் தடவை.
திறந்தபோது கண்டதை
அருகிலிருக்கும் படியில் தூக்கி வைத்து
எண்ணாக எழுதிக்கொள்ளும்.
மூடியிருந்தபோது நடந்தது நடக்கவில்லை.

"ஃபோன் குரலுக்கு இது போதும்" என்பார் எஞ்சினியர் லிம்.
நிதானமான அலையென்றால் புள்ளிகளை வைத்தே
விட்டதைத் திரும்ப வரைந்துவிடலாம்.
வேகமாகத் துடிக்கும் அலைதான் ஏமாற்றும்.
புள்ளிகளைக் கோத்துப் பார்த்தால்
சாதுவான வேறொரு அலையின் முகத்தோடு வரும்.

மதியழகன் ஜொகூரிலிருந்து மாதம் ஒருமுறை அழைப்பான்,
சம்பளத்துக்கு மறுநாள்.
நல்லாருக்கியா.
நல்லாருக்கேன்.
இந்தப் புள்ளிகளை மட்டும் கோத்தால்
மூன்று வருடமாக என் வாழ்க்கை
ஒரு நேர்கோடு.

நேற்று ஆபீஸில் பாரம் ஒன்று நீட்டினார்கள்.
மணமானவர், ஒரு கட்டம்.
மணமாகாதவர், இன்னொரு கட்டம்.
ஹயாத்தி கம்ப்யூட்டரைக் காட்டினாள்:
"ஏதாவது ஒன்னைத் தட்டணும் கா,
இல்லேன்னா அடுத்த பக்கம் போகாது."

தெரியும் எனக்கு, அந்தப் பெட்டியின் குணம்.
புள்ளி எட்டு வோல்ட்டுக்குக் கீழே எல்லாம் சுழி.
இரண்டுக்கு மேலே எல்லாம் ஒன்று.
கொஞ்சம் இரைச்சல் கலந்தாலும் பொறுத்துக்கொள்ளும்,
அழுக்கான ஒன்றும் அதற்கு ஒன்றுதான்.
அந்தப் பெருந்தன்மையால்தான் இந்த உலகம் ஓடுகிறது,
என் சம்பளமும்.
ஆனால் நடுவில் நிற்பவளுக்கு
அதன் புத்தகத்தில் பெயரே இல்லை.
ஒன்று புள்ளி நான்கில் மின்சாரம் தயங்கி நின்றால்
லாஜிக் கேட் படபடக்கும்
ஒன்று சுழி ஒன்று ஒன்று சுழி
காய்ச்சல்காரியின் உதடுபோல.

அதற்கென்றே ஒரு வகை செய்திருக்கிறார்கள்,
ஷ்மிட் ட்ரிக்கர்.
வேறு எந்தச் சில்லின்மேலும் எனக்கு இந்தப் பிரியமில்லை.
ஏற ஒரு வாசற்படி, இறங்க வேறொரு வாசற்படி.
ஒன்று புள்ளி ஏழைத் தாண்டாதவரை
ஏறிவிட்டதாக ஒப்புக்கொள்ளாது.
ஏறிய பிறகோ, புள்ளி ஒன்பதுக்குக் கீழே விழும்வரை
இறங்கிவிட்டதாக ஒப்புக்கொள்ளாது.
நடுவில் எவ்வளவு நடுங்கினாலும்
வந்த வழிதான் அதன் பதில்.
அதே ஒன்று புள்ளி நான்கு
கீழேயிருந்து வந்தால் சுழி,
மேலேயிருந்து வந்தால் ஒன்று.

"முன்னாடி என்ன இருந்துச்சோ
அதையே வச்சிரு" என்றேன் ஹயாத்தியிடம்.
அவள் தட்டினாள். அடுத்த பக்கம் வந்தது:
ரத்த வகை.

காலையில் கிலாங் பஸ் பாலத்தின் முதுகில் ஏறியது.
தூங்கி வழிகிற பாதிப் பேருக்கு இது இன்னும் தீவு,
முன் சீட்டில் பையை மாட்டிக்கொண்ட புஷ்பலீலாவுக்கு
பிறை வந்தாயிற்று.
கைப்பேசி ஒருமுறை அதிர்ந்தது.

பசியாறிட்டியா?

தேதி பதினேழு.
சம்பளத்துக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது.
கண் மூடியிருக்க வேண்டிய நேரத்தில்
எதற்குத் திறந்தான்?

பதில் எழுதவில்லை.
ஓட்டுநரின் தோளுக்கு மேலே வேகமானி தெரிந்தது,
பழைய பஸ், முள் வைத்தது.
அறுபதுக்கும் எழுபதுக்கும் நடுவே
எந்தக் கோட்டிலும் நிற்காமல் அது நடுங்குவதை
கரை வரும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன்.